கம்பி ஏன் உயர்ந்தது?

(ஜொகூர் பாருவில் இசை மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிட்டாரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு பாட்டாவது வாசிப்பேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பொறுத்தருள வேண்டும், இன்று வாசிப்பு இல்லை. ஓர் இரும்பு அடிக்கோல், இரண்டு வெள்ளைத் தாள், கொஞ்சம் சமையல் உப்பு. இவ்வளவுதான் கொண்டு வந்திருக்கிறேன். இந்த மூன்றும் உங்கள் வீட்டிலும் இருக்கும்.

கிட்டார் கற்கும் பிள்ளைகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. வாங்கிய நாளில் விரலுக்கு இதமாக இருந்தது, சில மாதங்களில் கம்பி மேலே போய்விட்டது, எஃப் கார்டு பிடித்தால் பாதிக் கம்பிகள் ஒலிக்கவே இல்லை என்பார்கள். ஆசிரியர் இன்னும் பயிற்சி செய் என்கிறார். அப்பா பிள்ளைக்குச் சோம்பல் என்கிறார். பிள்ளையோ தனக்கு இசை வராது என்று முடிவுகட்டி, கிட்டாரை அலமாரியின் மேல் ஏற்றி வைத்துவிடுகிறது. அரை மில்லிமீட்டர் உயரத்துக்காக இசையை விட்டுவிட்ட பிள்ளைகள் நம் ஊரில் நிறையவே இருப்பார்கள் என்பது என் சந்தேகம். விரலைக் குறை சொல்வதற்கு முன் கிட்டாரை அளக்க வேண்டும், கிட்டாரை அளப்பதற்கு முன் அறையின் காற்றை அளக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான்.

நம் காற்றிலிருந்தே தொடங்குவோம். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறோம். மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே ஜொகூர் நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங் பக்கம் மழையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அது இல்லாத மாதங்களிலும் பிற்பகல் இடிமழைக்குப் பஞ்சமில்லை. ஒப்பு ஈரப்பதம் விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 வரை இறங்கும், சராசரி 80-க்கு மேல் நிற்கும்.

விடியலில் ஈரமாக இருந்த காற்று மதியத்தில் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது உண்மையல்ல. 25 டிகிரியில் 95 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றிலும், 33 டிகிரியில் 60 சதவீதம் உள்ள காற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு தண்ணீர்தான் இருக்கிறது: கன மீட்டருக்கு 21, 22 கிராம். சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம் என்பதால் சதவீதம் குறைந்து தெரிகிறது. மூன்றுக்கு நான்கு மீட்டரில் ஒரு சாதாரணப் படுக்கையறை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக் காற்றில் ஆவியாக மட்டும் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவே, ஸ்டாண்டில், உங்கள் கிட்டார் நிற்கிறது.

மரம் வெட்டி எத்தனை ஆண்டு ஆனாலும் காற்றோடு தண்ணீரைக் கொடுத்து வாங்குவதை நிறுத்தாது. மழைக்காலத்தில் பலகைக் கதவு நிலையில் இறுகிக்கொள்வதைப் பழைய வீட்டில் இருந்தவர்கள் அறிவார்கள். அதுவேதான் இங்கும். அறை 50 சதவீத ஈரப்பதத்தில் நிலையாக இருந்தால் மரம் தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரை வைத்துக்கொள்ளும். 80 சதவீதத்தில் அது 15, 16 ஆக ஏறும். கிட்டாரில் மரம் ஏறத்தாழ இரண்டு கிலோ என்று வைத்தால், முழுதாக நனைந்து சமநிலைக்கு வரும்போது அது கூடுதலாகக் குடிக்கும் தண்ணீர் 120 கிராமுக்கு மேல். இந்த 120 கிராமை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

குடித்த மரம் எல்லாப் பக்கமும் ஒரேபோல் பருப்பதில்லை. நார் ஓடும் திசையில் ஏறக்குறைய நீளவே நீளாது. குறுக்கே விரியும். கிட்டாரின் முகப்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் மரம், கனம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு, கீழ்வயிற்றில் அகலம் 40 சென்டிமீட்டர். ஈரம் 9-லிருந்து 15 சதவீதத்துக்குப் போனால் அந்த அகலத்தில் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விரியப் பார்க்கும். ஆனால் சுற்றிலும் பக்கப்பலகைகள் அதைப் பிடித்திருக்கின்றன, உள்ளே குறுக்கே ஒட்டிய பிரேஸ்கள் இழுத்து வைத்திருக்கின்றன. பக்கவாட்டில் போக வழியில்லாத பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது. போதாததற்கு, எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுவையும், கம்பிகள் பலகையில் மாட்டியிருக்கும் பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தூக்கவே பார்க்கும். இரண்டும் ஒன்று சேரும்போது பிரிட்ஜ் உயர்கிறது, அதன் மேல் கம்பியைத் தாங்கும் சேடில் உயர்கிறது, கம்பியும் கூடவே உயர்கிறது.

எவ்வளவு? கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவது கம்பியின் நடுப்புள்ளியில் இருக்கிறது. ஆகவே சேடில் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் அங்கே கம்பி அரை மில்லிமீட்டர் உயரும். எஃகுக் கம்பி கிட்டாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் தடித்த ஈ கம்பி 2.4 மில்லிமீட்டர் அளவிலும், மெல்லிய ஈ கம்பி 1.7, 1.8 அளவிலும் இருந்தால் பெரும்பாலோருக்கு வசதி. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 4, 3 என்று சற்று அதிகம். கடைக்காரர்கள் ஆக்‌ஷன் என்று சொல்வது இந்த உயரத்தைத்தான். 2.4 இருந்த இடத்தில் 2.9 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். கம்பியை அதிக தூரம் அழுத்த வேண்டியிருப்பதால் சுருதியும் சற்று ஏறி ஒலிக்கும். பிள்ளை சரியாகப் பிடித்தும் கார்டு புளிப்பதற்கு இது ஒரு காரணம்.

காற்றின் ஈரம் வாத்தியத்தைப் பாடாய்ப் படுத்துவது நம்மவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. தப்பு அடிப்பவர்கள் அடிப்பதற்கு முன் சருகையோ வைக்கோலையோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதைத் தோட்டத்துத் திருவிழாக்களில் பார்த்திருப்பீர்கள். தோல் குடித்த ஈரத்தை நெருப்பு வெளியே எடுத்ததும் ஓசை திரும்புகிறது. மிருதங்கக்காரர் மழைநாளில் கல்லும் குச்சியுமாக உட்கார்ந்து வாரை இறுக்குவதும் அதே காரணத்துக்காக. தஞ்சாவூர் வீணைக்கு வேறு ஏற்பாடு: 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு இளகினாலும் பலா மரம் அசைந்தாலும் மெழுகைப் புதிதாக இட்டு மெட்டுகளைத் திரும்பப் பதிக்கலாம். காலத்துக்குக் காலம் மெட்டு மாற்றி அமைக்க வேண்டும் என்பது அந்த வாத்தியத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. கிட்டாரில் உலோக ஃப்ரெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை. அதனாலேயே அதை ஒருமுறை கடையில் சரிசெய்தால் போதும், ஆயுளுக்கும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஜொகூரில் கிட்டார் நேற்று வந்த விருந்தாளியும் அல்ல. இந்த மாநிலத்தின் பெருமையான கசல் இசைக்குழுவில் ஹார்மோனியம், தபலா, வயலின், காம்புஸ் என்ற நரம்பு வாத்தியம் ஆகியவற்றோடு கிட்டாரும் உட்காரும். மூவாரில் அதை வளர்த்த பாக் லோமாக்கின் பெயர் கசல் கேட்கும் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து லயங்களிலும் பள்ளி விடுதிகளிலும் புழங்கிய மலிவான காப்போக் கிட்டார்களோ இன்னொரு கதை. மலாய்க்காரர்கள் இன்றும் சாதாரண மரக் கிட்டாரை ‘கித்தார் காப்போக்’ என்றுதான் சொல்கிறார்கள். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது, அந்தப் படத்தின் நிலாப் பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டு, எத்தனை தமிழ்ப் பையன்கள் அந்தக் காப்போக்கை வைத்துக்கொண்டு திண்டாடியிருப்பார்கள்! கம்பி விரல்மொத்தம் மேலே நின்றிருக்கும்.

இவ்வளவு கால அனுபவம் இருந்தும் நம்மிடம் இல்லாதது ஒன்று, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற அறிவுரை. கிட்டாரோடு வரும் கையேட்டை எடுங்கள். பெரும்பாலானவை ஒலித்துளைக்குள் ஈரப் பஞ்சு வைக்கச் சொல்லும், கிட்டார் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போடும் நாட்டில் அறையின் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அங்கே முகப்பலகை சுருங்கி உள்ளே குழியும், கம்பி தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசும், ஃப்ரெட்டின் முனைகள் வெளியே துருத்திக் கையைக் கீறும், கடைசியில் பலகை வெடிக்கும். அவர்களுக்கு அது சரியான அறிவுரை. 85 சதவீத ஈரத்தில் இருக்கும் நாம் அதைப் படித்துவிட்டு ஈரப் பஞ்சைச் செருகினால், ஏற்கெனவே உப்பியதை இன்னும் உப்ப வைக்கிறோம். இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கையேட்டில் போட்டிருக்கிறதே என்பார்கள்!

ஒன்றை மட்டும் விலக்காகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை மெல்பர்னுக்கோ லண்டனுக்கோ படிக்கப் போகும்போது இங்கே வளர்ந்த கிட்டாரைக் கூட எடுத்துப் போனால், அங்கே முதல் குளிர்காலத்தில் அந்தப் பஞ்சு அவசியம் வேண்டும். ஈரத்தில் பழகிய மரம் ஒரேயடியாகக் காய்ந்தால்தான் கோடு கோடாக வெடிக்கும்.

சரி, ஈரம்தான் பகைவன் என்றால் ஏர்கோன் போட்டுவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் நம் வீடுகளின் தனிச்சிக்கல். இரவு எட்டு மணி நேரம் ஏர்கோன் அறையை 24 டிகிரிக்கும் 55, 60 சதவீதத்துக்கும் கொண்டுவருகிறது. காலையில் எல்லோரும் வேலைக்குப் போகிறோம், பாதிப் பேர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு. ஏர்கோன் நிற்கிறது, ஜன்னல் திறக்கிறது, ஈரம் உள்ளே வருகிறது. குளிர்நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பருவமாற்றம் நம் படுக்கையறையில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. இன்வெர்ட்டர் ஏர்கோனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் மெதுவாகிறது, குளிர்க்குழாய் அவ்வளவாகத் தண்ணீரைப் பிடிப்பதில்லை, குளிர் மாறாமலே ஈரப்பதம் ஏறிவிடும். குளிராக இருக்கிறது என்றால் காய்ந்திருக்கிறது என்று பொருளல்ல.

மரம் மெதுவானது என்பது நமக்குள்ள ஆறுதல். வெளியே பாலிஷ் பூசியிருக்கிறது, உள்பக்கம்தான் பச்சையாகத் திறந்திருக்கிறது. அது சமநிலைக்கு வர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஆகவே சில நிமிடங்களில் சுருதி மாறினால் ஈரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏர்கோன் குளிரில் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறுவது அது. ஒரு வாரமாக மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் பலகை புடைத்துக் கம்பியை இழுக்கிறது என்று சந்தேகப்படலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வைத்தியம் ஆயிற்று.

இன்னொன்றும் கவனியுங்கள். 20, 22 டிகிரி அறையிலிருந்து கிட்டாரை நேராக வாசலுக்குக் கொண்டு வந்தால் அதன்மேல் வியர்த்துவிடும். நம் விடியற்காலைக் காற்றின் பனிநிலை 24 டிகிரி அளவில் இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும், கம்பியில் துரு பிடிக்கும். பெட்டிக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுப் பிறகு திறந்தால் தொல்லை இல்லை.

இப்போது அளப்போம். கடையில் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கும். வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். மலிவானவை பத்து சதவீதம்கூடப் பொய் சொல்லும். அதற்குத்தான் இந்த உப்பு. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் கூழாக நிற்கும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு ஜிப் பையில் வைத்து மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். உப்புக் கூழுக்கு மேல் நிற்கும் காற்றின் ஈரப்பதம் அறை வெப்பத்தில் 75 சதவீதமாக இருக்கும், இது மாறாத இயற்கை விதி. மானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். பிறகு கிட்டார் இருக்கும் இடத்திலேயே வைத்து, காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். ஹாலின் நடுவே காட்டும் எண்ணும் படுக்கையறைச் சுவரோரம் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

அடுத்து கிட்டார். சுருதி சேர்த்துவிட்டு, கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போடுங்கள். தடித்த ஈ கம்பியைக் கழுத்து உடலோடு சேரும் இடத்தில், பதினான்காவது ஃப்ரெட் பக்கம், ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது ஆறு, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கு அடியில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். நாம் பிரிண்டரில் போடும் சாதாரண ஏ4 தாள் 0.1 மில்லிமீட்டர் கனம். இரண்டு தாள் நுழைந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது. நான்கைந்து நுழைந்தால் முன்னால் வளைந்திருக்கிறது. ஒன்றுகூட நுழையவில்லை என்றால் நேராகவோ பின்வளைந்தோ இருக்கிறது. ஈரத்தில் கழுத்து எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கழுத்து மரமும் அதன்மேல் ஒட்டிய ரோஸ்வுட் அல்லது கருங்காலிப் பலகையும் எந்த அளவுக்கு விரிகின்றன என்பதைப் பொறுத்தது அது. அதனால் ஊகிக்காமல் தாளை வைத்துப் பாருங்கள்.

பிறகு பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்பலகையின் குறுக்கே அடிக்கோலை வையுங்கள். நல்ல கிட்டார் எதுவும் மட்டமாக இருக்காது, இலேசான குவிவோடுதான் செய்கிறார்கள். வாங்கிய புதிதில் கோலின் இரு முனையிலும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று குறித்து வைத்திருந்தால் இப்போது எவ்வளவு கூடியது என்று தெரியும். குறித்து வைக்கவில்லையா? இன்று குறியுங்கள். அதோடு ஒரு தாளை பிரிட்ஜின் பின் விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது, இனி அது வீட்டு வேலை அல்ல.

எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடவும் கூடாது. எஃப் கார்டு முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது, அங்கே வலிக்கிறது என்றால் பெரும்பாலும் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் நட் உயரமாக வெட்டப்பட்டிருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு அதே வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் குற்றவாளி நட். தொழிற்சாலையில் அவசரத்தில் விட்டுவிட்ட வேலை அது. ஈரம் அதைத் தொடாது. நட்டின் வெட்டை ஆழமாக்குவது நுட்பமான காரியம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு பற்றி இளைஞர்களுக்கு அளவுக்கு மீறிய ஆர்வம் இருக்கிறது. திருகுச்சாவியைக் கண்டாலே கை துறுதுறுக்கும். கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ 1923-இல் காப்புரிமை பெற்ற யோசனை இந்த ராடு. மார்ட்டின் நிறுவனமோ திருகிச் சரிசெய்யும் ராடை 1985 வரை தன் கிட்டார்களில் போடவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ராடு கழுத்தின் வளைவை மட்டுமே திருத்தும். பலகை புடைத்து ஆக்‌ஷன் ஏறியிருக்கும்போது அதைத் திருகி இறக்கப் பார்த்தால், கழுத்து பின்வளைந்து முதல் சில ஃப்ரெட்டுகள் கரகரக்கும், மேலே உயரம் அப்படியே இருக்கும். தாள் சோதனையில் வளைவு கூடுதல் என்று தெரிந்தால் மட்டும், கால் திருப்புக்கு மேல் போகாமல், சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கிளாசிக்கல் கிட்டார்களில் பெரும்பாலும் ராடே கிடையாது.

சேடிலைத் தேய்ப்பதுதான் ஆக்‌ஷனை இறக்கும் உண்மையான வழி, ஆபத்தும் அதிலேதான். கம்பி உயர்ந்திருக்கும் மழைமாதத்தில் ஒருவர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஒரு மில்லிமீட்டர் தேய்த்துக் கொடுக்கிறார். வாசிக்க அருமையாக இருக்கிறது. பிறகு கிட்டார் ஏர்கோன் அறைக்குக் குடிபோகிறது, பலகை இறங்குகிறது, எல்லாக் கம்பியும் உரசுகிறது. தேய்த்ததை ஒட்ட முடியாது. அதனால்தான் முதலில் காற்று என்கிறேன். எந்த அறையில் வாசிக்கப் போகிறீர்களோ அந்த அறையை ஓர் ஈரப்பதத்தில் நிலைநிறுத்துங்கள். கிட்டாரை இரண்டு வாரம் அங்கே வைத்துப் பழக்குங்கள். அதற்குப் பிறகும் உயரம் கூடுதலாக இருந்தால், கிட்டாரோடு வந்த சேடிலைத் தொடாமல், எலும்பில் ஒரு மாற்றுச் சேடில் வாங்கி, அதன் அடிப்பக்கத்தைக் கண்ணாடியின் மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்து இறக்குங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க சேடிலில் ஒரு மில்லிமீட்டர் போக வேண்டும் என்பது முன்பே பார்த்த கணக்கு.

எந்த ஈரப்பதம் என்று கேட்பீர்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 45 முதல் 55 என்கிறார்கள், அவர்கள் தொழிற்சாலைக் காற்று அது. ஜொகூர் வீட்டில் இரவும் பகலும் 50-ஐப் பிடித்து வைக்க மின்கட்டணம் கட்டி மாளாது. 45-க்கும் 85-க்கும் இடையே ஆடும் அறையைவிட 60-இல் அசையாமல் நிற்கும் அறை மேல் என்பது என் கருத்து. இதை ஒத்துக்கொள்ளாத கிட்டார் தச்சர்கள் உண்டு.

நிலைநிறுத்த என்ன வழி? மலிவானது, நன்றாக மூடும் கெட்டியான பெட்டி. வெளியே காற்று நாளுக்கு இருமுறை மாறினாலும் பெட்டிக்குள் அந்த ஆட்டம் தணிந்துதான் போய்ச் சேரும். துணிப்பை இதைச் செய்யாது. ஆனால் பெட்டியை மூடிவிட்டு மாதக்கணக்கில் மறந்தால் உள்துணியில் பூஞ்சை பூத்துவிடும். வெயில் நாளின் பிற்பகலில் திறந்து வையுங்கள், அந்தி சாய்வதற்குள் மூடுங்கள்.

சிலிக்கா ஜெல் போடலாமே என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். போடலாம், ஆனால் அந்த 120 கிராமை நினைத்துப் பாருங்கள். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஈரம் குடித்த ஒரு கிட்டாரை மீட்க அரைக் கிலோ வேண்டும். காலணிப் பெட்டியில் வரும் ஐந்து கிராம் பொட்டலம் ஒன்றும் செய்யாது. மொத்தமாக வாங்கி, நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்துங்கள். பெட்டிக்குள் அரிசிப் பை வைப்பதும் வீண். அரிசியே பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் தண்ணீரோடுதான் நம் வீட்டுக்கு வருகிறது. வசதி உள்ளவர்களுக்கு கம்ப்ரஸர் வைத்த ஈரநீக்கிதான் நேரான தீர்வு. அறையைக் கொஞ்சம் சூடாக்கும், கதவை மூடி வைக்க வேண்டும், தொட்டியில் சேரும் தண்ணீரைப் பார்த்து அசந்துபோவீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியம் உள்ள வீட்டில், கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின் உலர்பெட்டியின் பெரிய வகையும் நல்லது. வீணை, வயலின்கூட அதில் வாழலாம்.

செய்யக் கூடாததையும் சொல்கிறேன். மழை அடிக்கும் வெளிச்சுவரிலோ குளியலறைச் சுவரிலோ கிட்டாரை மாட்டாதீர்கள். வெயிலில் வைத்துக் காய வைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியைக் காட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் புடைத்தது வெடிப்பாகிவிடும். பூட்டிய காரில் விடவே விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே 60 டிகிரியை நெருங்கும், மரப்பசை இளகும் வெப்பம் அது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வெள்ளத்தில் நனைந்த வாத்தியம் கையில் கிடைத்தால் கம்பியைத் தளர்த்தி, ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில், காற்றாடி நேராக அடிக்காத இடத்தில், வாரக்கணக்கில் காய விடுங்கள்.

புதிதாக வாங்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முழுப்பலகை கிட்டார்தான் உயர்ந்தது என்று விற்பனையாளர் சொல்வது ஓசையைப் பொறுத்து உண்மை. ஒட்டுப்பலகையில் செய்தது குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகளால் அவ்வளவாக அசையாது. ஏர்கோன் போட்டும் அணைத்தும் புழங்கும் வீட்டில் முதல் கிட்டாராக அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈரமே தொடாத கார்பன் இழைக் கிட்டார்களும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய ரெயின்சாங் அதற்குப் பெயர் பெற்றது, விலைதான் கண்ணைக் கட்டும். கோலாலம்பூரில் ஜெஃப்ரி யோங் நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில்கூட கிட்டார் செய்கிறார். அது நம் வீட்டுப் பிள்ளைகளின் பட்ஜெட் அல்ல என்றாலும், இந்த மண்ணின் மரத்தில் இந்தக் காற்றை அறிந்தவர் செய்கிறார் என்பதைக் கேட்க எனக்குப் பிடிக்கிறது.

பின்வரிசையில் ஓர் அம்மா, பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம், கம்பியைக் கழற்றிவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார். கழற்ற வேண்டாம் அம்மா. ஒவ்வொரு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி, பெட்டியில் வைத்து, உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்க வையுங்கள். திரும்பி வந்ததும் உடனே சுருதி ஏற்ற வேண்டாம். முதலில் ஈரப்பதமானியைப் பாருங்கள், மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம்.